கடலுக்குப் போற கருவிக்கு ரிஸ்க் கட்டம் போடுறவங்க கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம், தங்கச்சிமடத்துல இருந்து எழுதுறேன்.

ஐப்பசி பொறந்துட்டா பாம்பன் துறைமுகத்துல எத்தனாம் நம்பர் புயல் கூண்டு ஏத்தியிருக்காங்கன்னு உங்க பத்திரிகையில வந்துரும், அத பாத்துட்டுத்தான் எங்க பக்கம் பல பேரு படகுக்கு இன்னொரு நங்கூரம் போடலாமா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க. அதே மாதிரி நம்பர் போட்டு ஆபத்த கணக்குப் பாக்குற இன்னொரு இடம் இருக்கு, அதப் பத்தித்தான் இந்த லெட்டர். அது கம்ப்யூட்டருக்குள்ள நடக்குறதால வெளிய யாருக்கும் தெரியுறதில்ல, ஆனா அதோட பலன் என்னமோ கடலுக்குப் போறவங்க படகுல மாட்டியிருக்குற கருவியில வந்துதான் நிக்குது.

ஒரு கம்பெனி கருவி செய்யுதுன்னு வைங்க, ஆபத்துல பட்டன அமுக்குனா கரைக்கு தகவல் சொல்ற கருவின்னே வைங்க. இஸ்ரோ 2010-ல இருந்து இந்த மாதிரி ஒன்னு குடுத்துட்டு இருக்கு, சாட்டிலைட் வழியா தகவல் போகும், 2024-ல வந்த ரெண்டாம் தலைமுறை கருவியில உங்க தகவல் கெடச்சிருச்சுன்னு படகுக்கே பதிலும் வருது. இது போல எத செஞ்சாலும் அந்தக் கருவி என்னென்ன செய்யணும்னு ஒவ்வொரு வரியா எழுதி வெப்பாங்க, அதத்தான் ரிக்வயர்மென்ட்னு சொல்றது. அது நூத்துக்கணக்குல ஆயிரக்கணக்குல போகும், எக்ஸல்ல தாங்காது, அதுக்குன்னே டோர்ஸ், போலாரியன், ஜாமா, கோட்பீமர்னு சாஃப்ட்வேர் இருக்கு. அந்த சாஃப்ட்வேருக்குள்ளயே என்னென்ன தப்பாப் போகலாம்னு ஒரு லிஸ்ட்டும் ஒவ்வொன்னும் எம்புட்டு ஆபத்துன்னு சொல்ற ரிஸ்க் மேட்ரிக்ஸும் இருக்கும். மேட்ரிக்ஸ்னா ஒரு கட்டம்தான், ஒரு ஓரத்துல எம்புட்டு மோசமான விளைவுங்கிறது, இன்னொரு ஓரத்துல அது நடக்க எம்புட்டு வாய்ப்புங்கிறது, ரெண்டும் சேர்ற இடத்துல சிவப்பு மஞ்சள் பச்சைன்னு கலர். பச்சை விழுந்தா அப்படியே விட்டுறலாம், சிவப்பு விழுந்தா டிசைன மாத்தாம அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது.

இத சாஃப்ட்வேர்ல செட் பண்றது யாருன்னு பாத்தா பெரும்பாலும் வேலைக்கு சேந்து ஒன்னு ரெண்டு வருஷம் ஆன பிள்ளைகதான். அதுல நம்ம ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்காங்க, நானும் அந்த வேலையிலதான் இருக்கேன், அதனாலதான் உரிமையோட எழுதுறேன். சாஃப்ட்வேர தொறந்தா டெம்ப்ளேட்ல 5-க்கு 5 கட்டம் ஒன்னு இருக்கும், மோசம் 1-ல இருந்து 5, வாய்ப்பு 1-ல இருந்து 5, ரெண்டையும் பெருக்கு, 15-க்கு மேல சிவப்பு, 6-க்குக் கீழ பச்சை, மீதி மஞ்சள், முடிஞ்சுது. அத அப்படியே எடுத்துப் போட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிர்றாங்க. இதத்தான் நிறுத்தணும்னு கேக்குறேன்.

ஏன்னு சொல்றேன். பாம்பன் கூண்டு நம்பர் 1-ல இருந்து 11 வரை இருக்குல்ல, 1-ம் நம்பர்னா தூரத்துல கடல்ல ஏதோ உருவாகியிருக்கு துறைமுகத்துக்கு பாதிப்பு இல்ல, 3-ன்னா இங்கயே பலத்த காத்து வரலாம். 5-ன்னா புயல் துறைமுகத்த இடது பக்கம் விட்டுட்டு கரையக் கடக்கலாம், 6-ன்னா வலது பக்கம் விட்டுட்டு, 7-ன்னா துறைமுகத்து மேலயோ பக்கத்துலயோ வரலாம். 8, 9, 10 அதே மூணு விதந்தான், ஆனா கடும் புயல். 11 இருக்கு பாருங்க, அது 10-அ விடப் பெரிய புயல்னு நிறையப் பேரு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, வானிலை மையத்தோட தொடர்பே அறுந்துபோச்சுன்னு அர்த்தம். இப்ப யாராச்சும் 5-ம் 7-ம் கூட்டி ரெண்டால வகுத்து சராசரி 6-னு சொன்னா என்னாகும், புயல் போற பக்கமே மாறிப்போகும். 4-ம் நம்பர் 2-ம் நம்பரப் போல ரெண்டு மடங்கு ஆபத்துன்னு எந்த மீனவரும் சொல்லமாட்டாரு. ஒவ்வொரு நம்பரும் ஒரு நிலைமைக்கு வெச்ச பேரு, அவ்வளவுதான். ரிஸ்க் கட்டத்துல போடுற 1, 2, 3, 4, 5-ம் அதே வகைதான், சின்ன காயம் 2, மரணம் 5-ன்னு போட்டா ரெண்டரை சின்ன காயம் சேந்தா ஒரு மரணம்னு ஆகாது. வரிசை சொல்ற நம்பர அளவு சொல்ற நம்பர் மாதிரி பெருக்குனா வர்ற விடைக்கு எந்த அர்த்தமும் கெடையாது.

சரி அர்த்தம் இல்லாட்டியும் பயன்படுதுல்லன்னு கேப்பாங்க, பயன்படாததுக்கு உதாரணம் சொல்றேன். அந்த ஆபத்துக் கருவியிலயே டிஸ்ப்ளே அடிக்கடி மங்குது, மோசம் 1, வாய்ப்பு 5, பெருக்குனா 5, பச்சை. ஆபத்துப் பட்டன அமுக்குனா தகவல் போகாமலேயே போனதா காட்டுது, ஆள் செத்துருவாரு, மோசம் 5, ஆனா அபூர்வமாத்தான் நடக்கும்னு வாய்ப்பு 1, பெருக்குனா இதுவும் 5, இதுவும் பச்சை. ரெண்டும் ஒரே கலர்ல ஒரே லிஸ்ட்ல அடுத்தடுத்து உக்காந்திருக்கும், மீட்டிங்ல மேனேஜர் பச்சைய எல்லாம் ஒரே கிளிக்ல மூடிட்டுப் போயிருவாரு. இன்னொன்னு, 5-க்கு 5 கட்டத்துல 25 செல் இருந்தாலும் பெருக்குனா வர்ற வேற வேற விடை 14-தான், 7, 11, 13, 14-லாம் வரவே வராது, அப்ப 12-க்கும் 15-க்கும் நடுவுல எங்க கோடு போடுறதுன்னு பேசுறதெல்லாம் வெறும் தோற்றம்தான். டோனி காக்ஸ்னு ஒரு ஆய்வாளர் 2008-லயே, உண்மையில ரொம்ப வித்தியாசமா இருக்குற ரெண்டு ஆபத்துக்கு இந்த மாதிரி கட்டம் ஒரே மதிப்பு குடுத்துரும்னு கணக்குப் போட்டே காட்டிட்டாரு.

கார் கம்பெனிகள்ல இத இன்னும் பெருசா செஞ்சாங்க. எது எப்படிப் பழுதாகலாம்னு முன்கூட்டியே அலசுற எஃப்எம்ஈஏ-ங்கிற முறையில மோசம், வாய்ப்பு, முன்கூட்டியே கண்டுபிடிக்குறது எம்புட்டு கஷ்டம்ங்கிறது, மூணுக்கும் 1-ல இருந்து 10 வரை மார்க் போட்டு மூணையும் பெருக்கி ஆர்பிஎன்னு ஒரு எண் எடுப்பாங்க, 1000 விதமான சேர்க்கை இருந்தும் வர்ற வேற வேற எண் 120-தான். மோசம் 10, வாய்ப்பு 2, கண்டுபிடிப்பு 2-ன்னா 40. மோசம் 4, வாய்ப்பு 5, கண்டுபிடிப்பு 4-ன்னா 80. உயிர் போற விஷயம் லிஸ்ட்ல கீழ போயிருச்சு, கதவு கிரீச்சுன்னு சத்தம் போடுறது மேல வந்துருச்சு. கடைசியில அமெரிக்காவோட ஏஐஏஜி, ஜெர்மனியோட விடிஏ-ங்கிற ரெண்டு கார் தொழில் சங்கங்களும் சேந்து 2019-ல போட்ட கையேட்டுல அந்தப் பெருக்கலையே எடுத்துட்டு, மோசத்த முதல்ல பாக்குற டேபிள் ஒன்ன வெச்சுட்டாங்க. இருந்தும் நம்ம டெம்ப்ளேட்டுல இன்னும் பெருக்கல் குறி இருக்கு.

அப்ப எப்படி செட் பண்ணணும்? பெருக்கல எடுத்துட்டு டேபிளா போடுங்க. மோசத்துக்கு ஒரு ஃபீல்டு, வாய்ப்புக்கு ஒரு ஃபீல்டு, ரெண்டும் லிஸ்ட்ல இருந்து தேர்ந்தெடுக்குற மாதிரி, யாரும் கையால நம்பர் அடிக்க முடியாத மாதிரி. மூணாவதா ரிஸ்க்னு ஒரு ஃபீல்டு, அது தானா நிரம்பணும், ஆனா பெருக்கி வராம 25 கட்டத்துலயும் நீங்க ஒன்னொன்னா உக்காந்து பேசி முடிவு பண்ணி எழுதி வெச்ச டேபிள்ல இருந்து எடுத்துக்கணும். டோர்ஸ்ல இதுக்கு டிஎக்ஸ்எல்-ங்கிற அதோட சொந்த மொழியில ஸ்கிரிப்ட் எழுதணும், மத்த சாஃப்ட்வேர்கள்லயும் ஏதோ ஒரு விதத்துல செய்ய முடியும், அரை நாள் வேலைதான். உக்காந்து பேசுறதுதான் நேரம் எடுக்கும், எடுக்கட்டும். அமெரிக்க ராணுவத்தோட மில்-எஸ்டிடி-882ஈ-ங்கிற பாதுகாப்புத் தர ஆவணம், 2012-ல வந்தது, அத எடுத்துப் பாருங்க, மோசத்துக்கு 1-ல இருந்து 4 வரை நம்பர், அதுல 1-தான் ரொம்ப மோசம், வாய்ப்புக்கு ஏ, பி, சி-ன்னு எழுத்து. எழுத்தையும் நம்பரையும் யாராலயும் பெருக்க முடியாது, டேபிளப் பாத்தே ஆகணும். அந்த டேபிள்ல மரணம் வரைக்கும் போற ஒன்னு நடக்க வாய்ப்பே கம்மின்னு போட்டாக்கூட நடுத்தரம்னுதான் வரும், குறைவுங்கிற மதிப்பு அந்த வரியில கெடையவே கெடையாது, அந்த ஆபத்துக்கான காரணத்தையே அடியோட எடுத்தாத்தான் லிஸ்ட்ட விட்டுப் போகும். எங்க ஊர்ல இருந்து பாக்குறவனுக்கு இது ரொம்ப சரியாப் படுது. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்குப் போன ரயில கடல் எடுத்துட்டுப் போச்சு, அதுல இருந்த நூத்துக்கும் மேல பேரும் போயிட்டாங்க, ஊரே போச்சு. அதுக்கு முன்னாடி அந்த லைனுக்கு யாராச்சும் 5-க்கு 5 கட்டம் போட்டு வாய்ப்பு 1-ன்னு பெருக்கியிருந்தா பச்சைதான் வந்திருக்கும்.

அடுத்தது வாய்ப்புங்கிற வார்த்தை. 'அபூர்வம்', 'சில சமயம்', 'அடிக்கடி'ன்னு லிஸ்ட்ல போட்டு விட்டுர்றாங்க, எதுக்கு அபூர்வம்னு யாரும் கேக்குறதில்ல, ஒரு தடவை கடலுக்குப் போறதுக்கா, ஒரு வருஷத்துக்கா, ஒரு கருவியோட ஆயுசுக்கா, இல்ல வித்த அம்புட்டு கருவிக்கும் சேத்தா? ஒரு பேச்சுக்கு ஆயிரம் பயணத்துல ஒரு தடவைதான் இந்தக் கோளாறு வரும்னு வைங்க, ஏசி ரூம்ல கேட்டா அபூர்வம்தான். ஒரு கரையில 500 படகு, வாரத்துக்கு 3 நாள் போகுதுன்னா வாரத்துக்கே 1500 பயணம், அப்ப அந்த அபூர்வம் ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருத்தர் வீட்டுல நடக்குது. அதனால லிஸ்ட்ல வார்த்தைக்குப் பக்கத்துலயே இத்தனை பயணத்துக்கு இத்தனைன்னு எழுதியே ஆகணும், அந்த விளக்கம் இல்லாம அந்த ஃபீல்ட சேவ் பண்ணவே விடக்கூடாது.

இதுல எங்க கடலுக்குன்னு இன்னொரு சிக்கலும் இருக்கு. எங்களுக்கு கடல் ஒன்னு கெடையாது, வடகடல் தென்கடல்னு ரெண்டு. வாடைக்காத்து காலத்துல பாக் ஜலசந்திப் பக்கம் தண்ணி கொந்தளிக்கும், அப்ப மன்னார் வளைகுடாப் பக்கம் ஒதுக்குப்புறமா இருக்கும், கச்சான் அடிக்குற காலத்துல அப்படியே தலைகீழ், இதுக்காகவே சீசனுக்கு சீசன் படக எடுத்துக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் மாறித் தொழில் பண்ற குடும்பங்க இருக்கு. கருவியோட ஆன்டெனா அலையில மறையுறது, தண்ணி உள்ள எறங்குறது, பேட்டரி டெர்மினல் உப்பு பூக்குறது, இதுக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரே வாய்ப்புன்னு போட்டா ரெண்டு சீசனுக்கும் தப்பான எண்தான் வரும். சீசன், கடல்னு ரெண்டு ஃபீல்டு கூடுதலா வெச்சு ஒரே ஆபத்த ரெண்டு வரியா எழுதச் சொல்லுங்க, இருக்குறதுல மோசமான வரிய தலைப்புக்கு எடுத்துக்குங்க. 2024 நவம்பர் 20-ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, பழைய சராசரிய மட்டும் வெச்சு வாய்ப்பு போடுறவங்க அந்த ஒரு நாளையும் நெனச்சுக்கணும்.

சாஃப்ட்வேர் கோளாறுக்கு வாய்ப்பு போடுறதே தப்புன்னு சொல்ற தரமும் இருக்கு, அத நம்ம பிள்ளைக நிறையப் பேரு படிச்சிருக்க மாட்டாங்க. மருத்துவக் கருவி சாஃப்ட்வேருக்கான ஐஇசி 62304, 2006-ல வந்தப்ப, சாஃப்ட்வேர் கோளாறால ஆபத்து வரலாம்னா அந்தக் கோளாறு வரும் வாய்ப்ப 100 சதவீதம்னே வெச்சுக்கோன்னு சொல்லிருச்சு. இரும்பு தேயும், வயர் அறுந்துபோகும், அதுக்கு பழைய கணக்கு இருக்கும், ப்ரோக்ராம்ல இருக்குற தப்புக்கு அப்படி கணக்கு கெடையாது, அந்த நிலைமை வந்தா ஒவ்வொரு தடவையும் வரும். மீன்பிடிக் கருவிக்கு அந்தத் தரம் பொருந்தாதுதான், ஆனா அந்த யோசனைய எடுத்துக்கிட்டா என்ன நஷ்டம்? காரணம் சாஃப்ட்வேர்னு குறிச்சா வாய்ப்பு ஃபீல்டு தானா உச்சத்துக்குப் போயி பூட்டிக்கிற மாதிரி ஒரு ரூல் போட்டா போதும்.

இப்ப மோசம்ங்கிற பக்கத்துக்கு வர்றேன், எனக்கு ரொம்ப வயிறு எரியுறது இங்கதான். கடல் எல்லையப் பத்தின ஒரு கருவி, ஜிபிஎஸ் காட்டுற இடம் கொஞ்சம் தள்ளிக் காட்டலாம்னு ஒரு ஆபத்து, அதுக்கு ஒரு கம்பெனியில மோசம் 2-ன்னு போட்டிருந்தாங்க, 'பயனருக்கு சிறு அசௌகரியம்'னு விளக்கம். ஐயா, 1974-லயும் 1976-லயும் போட்ட ஒப்பந்தத்துல வந்த கோடு அது, கடல்ல கோடு கண்ணுக்குத் தெரியாது, கருவி இந்தப் பக்கம்னு காட்டி படகு அந்தப் பக்கம் இருந்துச்சுன்னா இலங்கை நேவி பிடிச்சுட்டுப் போகும், ஆளுக்கு ஜெயில், படகு அங்கயே கெடந்து மக்கும், கடன் வாங்கிக் கட்டுன படகு, வட்டி மட்டும் இங்க ஓடிக்கிட்டே இருக்கும், வீட்டுல பிள்ளைக படிப்பு நிக்கும். இதுக்குப் பேரு சிறு அசௌகரியமா? அத எழுதுனவங்க கெட்டவங்க இல்ல, அவங்க கடக்கரையப் பாத்ததில்ல, டெம்ப்ளேட்ல காயம், மரணம்னு மட்டும் இருந்துச்சு, காயம் இல்லாததால கீழ போட்டுட்டாங்க. ஆனா மருத்துவக் கருவிக்கான ஐஎஸ்ஓ 14971-லயே தீங்குன்னா உடம்புக்கு வர்றது மட்டும் கெடையாது, சொத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் வர்ற சேதமும் சேத்திதான்னு இருக்கு. அதனால மோசத்துக்கு ஒரே ஃபீல்டு வெக்காம உசிரு, பொழப்பு, கடல்னு மூணு வெச்சு, மூணுல எது பெருசோ அதத்தான் கட்டத்துக்கு எடுக்கணும். சராசரி எடுக்கக் கூடாது, எடுத்தா ஒன்னு இன்னொன்ன மறைச்சிரும். மன்னார் வளைகுடாவுல 21 தீவு சேந்த தேசியப் பூங்கா இருக்குற இடத்துல கடலுக்குன்னு தனி ஃபீல்டு கேக்குறது அதிகமான ஆசை இல்ல.

அப்புறம் காலியா இருக்குற செல். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா இதத்தான் நான் அதிகமாப் பாத்திருக்கேன். வாய்ப்பு இன்னும் முடிவாகலன்னு ஃபீல்ட காலியா விட்டுருப்பாங்க, ஸ்கிரிப்ட் காலிய 0-ன்னு எடுத்துக்கும், எதப் பெருக்குனாலும் 0, 0-ன்னா பச்சை. யாருமே யோசிக்காத ஆபத்து இருக்குறதுலயே பத்திரமான கலர்ல வந்து நிக்கும், ரிப்போர்ட்ல எத்தனை பச்சைன்னு எண்ணி மேல அனுப்பிருவாங்க. காலியா இருந்தா கருப்போ ஊதாவோ ஒரு தனிக் கலர் வெச்சு 'கணக்குப் பாக்கல'ன்னு வரணும், அது ஒன்னு இருந்தாக்கூட அந்த ரிலீஸ் வெளிய போகக் கூடாது. 11-ம் நம்பர் கூண்டு ஏன் இருக்குன்னு நெனச்சுப் பாருங்க, தகவல் வரலைன்னா வரலைன்னு சொல்றதுக்குன்னே ஒரு நம்பர் வெச்சவங்களுக்கு கடலத் தெரிஞ்சிருக்கு. கலரோட கூடவே எழுத்தும் வரணும், சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க முடியாத கண்ணு நிறையப் பேருக்கு இருக்கு.

ஆபத்தக் குறைக்க ஏதாச்சும் செஞ்ச பிறகு ரெண்டாவது தடவையும் கட்டம் போடுவாங்க, மிச்ச ரிஸ்க்குன்னு சொல்றது. இங்க ஒரு பழக்கம் இருக்கு, கையேட்டுல 'கவனமாகப் பயன்படுத்தவும்'னு ஒரு வரி சேத்துட்டு மோசத்த 5-ல இருந்து 2-க்கு எறக்கிருவாங்க. எழுதி வெச்சா அலை சின்னதாயிருமா? ஐஎஸ்ஓ 14971 சொல்ற வரிசை, முதல்ல டிசைனயே பாதுகாப்பா மாத்து, முடியலன்னா தடுப்பு வை, அதுக்கும் அப்புறந்தான் எச்சரிக்கை வாசகம். பாம்பன் பாலத்துல காத்து வேகத்த அளக்குற கருவி வெச்சு, அளவு தாண்டுனா சிக்னலே ரயில நிறுத்திரும், 1914-ல தொறந்த பழைய பாலத்துலயும் இந்த ஏற்பாடு இருந்துச்சு, 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலத்துலயும் இருக்கு. அது தடுப்பு, 'காத்தடிச்சா மெதுவா ஓட்டவும்'னு போர்டு வெச்சா அது வாசகம், ரெண்டும் ஒன்னாகுமா? அதனால சாஃப்ட்வேர்ல, மோசத்தக் குறைக்கணும்னா டிசைன் மாத்துன ரிக்வயர்மென்ட் ஒன்னுக்கு லிங்க் இருக்கணும், அந்த ரிக்வயர்மென்ட் டெஸ்ட்ல பாஸ் ஆகியிருக்கணும், இல்லன்னா பழைய எண்ணே நிக்கணும்னு ரூல் போடுங்க. கையேட்டு வரிக்கு மட்டும் லிங்க் இருந்தா எதுவும் எறங்கக் கூடாது. லிங்க் அறுந்தா கலர் தானா பழைய சிவப்புக்குப் போகணும்.

டேபிள மாத்துற உரிமைய ரெண்டு மூணு பேருக்கு மேல குடுக்காதீங்க, மாத்துனா யாரு எதுக்கு மாத்துனாங்கன்னு பதிவாகணும், ரிலீஸுக்கு முந்தின வாரம் டேபிள மாத்தி சிவப்ப மஞ்சளாக்குற வேலை நடக்கத்தான் செய்யுது. ஒவ்வொரு பேஸ்லைன்லயும், அதாவது அன்னிக்கு இருக்குற நிலைமைய அப்படியே உறைய வெக்குற பதிவுலயும், டேபிளயும் சேத்துப் பூட்டுங்க.

இம்புட்டும் கம்பெனிக்குள்ள இருக்குற பிள்ளைகளுக்கு. உங்க பத்திரிகை வழியா வேற ரெண்டு பேருகிட்டயும் கேக்கணும். மீனவர் பேருல அரசுப் பணத்துல கருவி வாங்குற அதிகாரிங்க, டெண்டர்ல எடை, பேட்டரி, விலைன்னு கேக்குற மாதிரி அந்தக் கருவியோட ரிஸ்க் டேபிளயும் கேளுங்க, மோசம் வாய்ப்புன்னு போட்ட வார்த்தைக்கெல்லாம் தமிழ்ல விளக்கம் கேளுங்க, மீனவர் சங்கத்துக்கு ஒரு காப்பி குடுங்க. படிச்சுப் பாத்து இது தப்புன்னு சொல்ற அறிவு சங்கத்துல இருக்குற பெரியவங்களுக்கு இருக்கு, ஜிபிஎஸ் வராத காலத்துல நட்சத்திரத்தையும் தண்ணி நிறத்தையும் பாத்து கரைக்கு வந்தவங்க அவங்க. நம்ம மாவட்டத்து இன்ஜினியரிங் காலேஜ் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல மீனவருக்கு ஆப் செய்றேன்னு வர்ற பிள்ளைகள முதல்ல ஆபத்து லிஸ்ட்டும் டேபிளும் போட்டுட்டு வான்னு அனுப்புங்க, ப்ரோக்ராம் பிறகு எழுதிக்கலாம்.

டேபிள் போடுறவங்க கரைக்கு வந்து கேட்டாத்தான் அந்த 25 கட்டமும் சரியா நிரம்பும். தொழில் இருக்குற நாள்ல வந்தா யாருக்கும் பேச நேரம் இருக்காது, டோக்கன் வாங்குறது, ஐஸ் ஏத்துறது, டீசல் பிடிக்குறதுன்னு ஓடிக்கிட்டு இருப்பாங்க. தடைக்காலத்துல வாங்க, ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்காரங்க அம்புட்டுப் பேரும் கரையிலதான் இருப்பாங்க, படகுக்கு பெயின்ட் அடிச்சுக்கிட்டு வலை பின்னிக்கிட்டு இருப்பாங்க. லேப்டாப்ப மூடி வெச்சுட்டு, "அண்ணே, இந்தக் கருவி எப்பெப்ப கைவிடும், கைவிட்டா என்னாகும்?"னு அந்த ரெண்டு கேள்விய மட்டும் கேளுங்க, பாம்பன், மண்டபம், தொண்டி, ஏர்வாடி, மூக்கையூர்னு ஒவ்வொரு கரையிலயும் வேற வேற பதில் வரும், அம்புட்டையும் எழுதிக்கிட்டுப் போங்க. நாட்டுப்படகுக்காரங்களுக்கு அந்தத் தடை கெடையாது, அவங்க கரைக்கு வந்து வலைய உதறி மீனப் பிரிச்சு முடிச்ச பிறகு கேளுங்க, கண்டிப்பா பேசுவாங்க.

இப்படிக்கு,
தங்கச்சிமடம் வாசகர் ஒருத்தர்,
ராமநாதபுரம் மாவட்டம்.